கண்ணின் நிறத்தை மாற்றும் அறுவை: யார் யாருக்கு ஆகாது?

(இரண்டாம் ஆண்டு, இளம் அறிவியல், விலங்கியல்)

முன்னுரை

எண்சாண் உடம்புக்குச் சிரசே பிரதானம் என்பது பழமொழி. அந்தச் சிரசுக்குக் கண்ணே பிரதானம் என்று நாம் சேர்த்துச் சொன்னால் தவறாகாது. அன்புள்ளவரைக் 'கண்ணே' என்கிறோம். பொறுப்பாகக் காப்பதைக் 'கண்ணும் கருத்துமாக' என்கிறோம். காஞ்சியில் கோயில் கொண்டிருக்கும் அன்னையின் பெயரே காமாட்சி. அப்பெயரில் உள்ள 'அட்சி' கண்ணைக் குறிப்பது. திருவொற்றியூரில் இரு கண்களின் பார்வையையும் இழந்த சுந்தரர், இடக்கண் பார்வையைத் திரும்பப் பெற்றது நம் காஞ்சி ஏகம்பத்தில்தான் என்று பெரியபுராணம் சொல்கிறது. அவர் இறைவனிடம் வேண்டி நின்றது பார்வையைத்தான், நிறத்தை அன்று.

இன்றைய நிலையோ வேறு. கைப்பேசித் திரையைத் திறந்தால், பழுப்புக் கண்ணோடு உள்ளே போனவர் நீலக் கண்ணோடும் பச்சைக் கண்ணோடும் வெளியே வரும் காட்சிகள் ஓடுகின்றன. அவற்றைக் கண்டு வியக்கும் நண்பர்கள் நம் வகுப்புகளிலும் உண்டு. "இது உண்மையா? நம்மைப் போன்றவர்களுக்கும் செய்வார்களா?" என்று கேட்பவர்களும் உண்டு. உண்மைதான், செய்கிறார்கள். ஆனால் எந்த அறுவை மருத்துவமாயினும் அதில் முதற்கேள்வி, 'எப்படிச் செய்வது?' என்பதன்று, 'யாருக்குச் செய்யக் கூடாது?' என்பதே. அந்தக் கேள்விக்கு விடை தேடுவதே இக்கட்டுரையின் நோக்கம்.

கண்ணுக்கு நிறம் எங்கிருந்து வருகிறது?

முதலில் கண்ணின் அமைப்பைச் சிறிது நினைவுபடுத்திக் கொள்வோம். கண்ணின் முகப்பில் கண்ணாடிபோல் தெளிவாக இருப்பது கார்னியா. நடுவில் அதன் தடிமன் ஏறத்தாழ அரை மில்லிமீட்டர்தான். அதற்குப் பின்னால் ஏறத்தாழ மூன்று மில்லிமீட்டர் ஆழத்தில் தெளிந்த நீர் நிரம்பிய ஒரு சிற்றறை. அதற்கும் பின்னால், நடுவில் துளையுள்ள வட்டத் திரையாக நிற்பது ஐரிஸ். அந்தத் துளையே கண்பாவை. வெயிலில் கண்பாவை சுருங்கும், இருளில் விரியும். கண்ணின் நிறம் என்று நாம் சொல்வது ஐரிஸின் நிறத்தையே.

ஐரிஸில் இருக்கும் நிறமி மெலனின். நம் தோலுக்கும் முடிக்கும் நிறம் தருவதும் அதுவே. பழுப்புக் கண்ணின் ஐரிஸில், முன்னடுக்கில் மெலனின் மிகுதி. நீலக் கண்ணில் முன்னடுக்கில் மெலனின் மிகக் குறைவு. அப்படியானால் நீல நிறமி என்று ஒன்று உண்டா? இல்லை என்பதே வியப்பு. நீலக் கண்ணில் நீலச் சாயம் ஒரு துளியும் கிடையாது!

இதைப் புரிந்துகொள்ள நம் ஊர்த் தறியே போதும். மயில்கழுத்து நிறச் சேலையைக் கையில் எடுத்துப் பாருங்கள். பாவில் ஒரு நிறம், ஊடையில் ஒரு நிறம். இழையைப் பிரித்து எடுத்தால் எந்த இழையிலும் மயில்கழுத்து நிறம் இராது. இரண்டும் குறுக்கே பின்னி, ஒளி பட்டு, நாம் பார்க்கும் கோணத்தில்தான் அந்த நிறம் பிறக்கிறது. நீலக் கண்ணும் ஏறக்குறைய இப்படித்தான். ஐரிஸின் மெல்லிய நார்கள் ஒளியைச் சிதறடிக்கும்போது நீலம் மிகுதியாகத் திரும்பி வருகிறது. 1921-இல் கப்பலில் சென்ற சர் சி. வி. இராமன், மத்தியதரைக் கடலின் நீலத்தைக் கண்டு அதன் காரணத்தை ஆராயப் புகுந்ததை நாம் அறிவோம். கடலின் நீலமும் வானின் நீலமும் கண்ணின் நீலமும் ஒளிச்சிதறல் என்னும் ஒரே குடும்பத்தைச் சேர்ந்தவை.

ஆகவே பழுப்பு என்பது குறையன்று, அது இருப்பு. நீலம் என்பது அந்த இருப்பு இல்லாமை. கோபன்ஹேகன் பல்கலைக்கழக ஆய்வாளர்கள் 2008-இல் வெளியிட்ட ஆய்வில், நீலக் கண்ணுக்குக் காரணம் ஒரு மரபணுவின் அருகே நேர்ந்த சிறு மாற்றமே என்றும், அம்மாற்றம் ஐரிஸில் மெலனின் உண்டாவதைக் குறைத்துவிடுகிறது என்றும் காட்டினர். மெலனின் வேண்டாத ஒளியைத் தடுக்கும் திரை. பிறவியிலேயே மெலனின் மிகக் குறைந்தவர்கள் வெயிலில் கண் திறக்கப் படும் பாட்டைப் பார்த்தவர்களுக்கு அதன் அருமை தெரியும். நம் சித்திரை வெயிலுக்கு இயற்கை தைத்துக் கொடுத்த சட்டை நம் பழுப்புக் கண்.

இதில் ஒரு வேடிக்கையும் உண்டு. நம் ஊர்களில் பிறவியிலேயே வெளிறிய கண்ணோடு பிறந்த பிள்ளையைப் 'பூனைக்கண்' என்று கேலி செய்வார்கள். பெண் பார்க்க வந்த இடத்தில் அதையே ஒரு குறையாகச் சொன்ன கதைகளும் உண்டு. இருப்பவரை இழித்துரைத்துவிட்டு, இல்லாதவர் அதைப் பல லட்சம் கொடுத்து வாங்க ஏங்குவது எவ்வளவு பெரிய முரண்!

நிறம் மாற்றும் மூன்று வழிகள்

இன்று உலகில் மூன்று வழிகள் வழக்கில் உள்ளன.

முதலாவது, செயற்கை ஐரிஸ் பொருத்துதல். கார்னியாவின் ஓரத்தில் கீறி, வண்ணம் தீட்டிய சிலிக்கோன் வட்டு ஒன்றை மடித்து உள்ளே செலுத்தி, இயற்கை ஐரிஸுக்கு முன்னால் விரித்துவிடுவார்கள். நடு அமெரிக்காவில் உள்ள பனாமா நாட்டில் இது தொடங்கி, வேறு சில நாடுகளுக்கும் பரவியது. ஓய்வில்லாமல் சுருங்கி விரியும் ஐரிஸின்மேல் அந்த வட்டு உராய்ந்துகொண்டே இருக்கும். நீர் வெளியேறும் வழியை அடைக்கும். கார்னியாவின் உட்புறத்தை உரசும். பிரெஞ்சு மருத்துவர்கள் இவ்வாறு வட்டுப் பொருத்தப்பட்ட 87 கண்களைத் தொகுத்து 2020-இல் வெளியிட்ட அறிக்கையில், மிகப் பெரும்பாலான கண்களில் ஏதேனும் ஒரு சிக்கல் நேர்ந்ததையும், பெரும்பாலானவற்றிலிருந்து வட்டை எடுக்க வேண்டி வந்ததையும் காட்டியுள்ளனர். வட்டை எடுத்தாலும் போன பார்வை எல்லோருக்கும் திரும்புவதில்லை.

இரண்டாவது, லேசர் ஒளியால் ஐரிஸின் மெலனினைச் சிதைத்தல். பழுப்பிலிருந்து வெளிர்நிறத்துக்கு மட்டுமே இது பயன்படும்; திரும்பும் வழி கிடையாது. சிதைந்த நிறமித் துகள்கள் எங்கே போகும்? கண்ணின் நீர் வடியும் சல்லடையில் போய் அடையக்கூடும். வாய்க்கால் மதகில் குப்பை அடைத்தால் நீர் மட்டம் ஏறுவதுபோல் கண்ணின் உள்ளழுத்தம் ஏறும். ஐரிஸில் அழற்சியும் வரும்.

மூன்றாவது, கார்னியாவில் வண்ணம் ஏற்றுதல். தெளிவாகச் சொன்னால், கண்ணுக்குப் பச்சை குத்துதல். இக்காலத்தில் லேசர் கொண்டு கார்னியாவின் தடிமனுக்குள்ளேயே வளையம் போன்ற ஒரு சுரங்கம் தோண்டி, அதில் வண்ணத்தைச் செலுத்துகிறார்கள். பிரான்சிலும் நியூயார்க்கிலும் இதைச் செய்யும் மருத்துவர்கள் இருக்கிறார்கள். ஐரிஸ் அப்படியே இருக்கும். அதற்கு முன்னால் நிறத் திரை போட்டது போலாகும். முன்சொன்ன இரண்டையும்விட இதில் ஆபத்து குறைவு என்று சொல்பவர்கள் உண்டு. ஆனால் அமெரிக்கக் கண் மருத்துவ அகாதமி 2024 ஜனவரியில், வெறும் அழகுக்காக இதைச் செய்துகொள்ள வேண்டாம் என்று பொதுமக்களை எச்சரித்தது. கண்கூச்சம், நோய்த்தொற்று, கார்னியா சேதம், வண்ணம் கசிதல், நிறம் மங்குதல் ஆகியவை அது குறிப்பிடும் அபாயங்களுள் சில.

இவை தவிர, கண்ணின் வெண்பகுதியில் ஊசியால் மை ஏற்றும் பழக்கம் ஒன்றும் இளைஞரிடையே கிளம்பியிருக்கிறது. அதைச் செய்பவர் பெரும்பாலும் மருத்துவரே அல்லர்; பச்சை குத்தும் கடைக்காரர். 2024 டிசம்பரில் திருச்சியில், மருத்துவத் தகுதி இல்லாமல் நாக்கைப் பிளக்கும் அறுவை செய்ததாகப் பச்சை குத்தும் நிலையத்தார் கைதான செய்தியை நாளேடுகளில் படித்தோம். நாக்குக்கு நேர்ந்தது கண்ணுக்கு நேராது என்று யார் உறுதி சொல்ல முடியும்? ஆகவே இதை ஒரு வழியாகவே நாம் கொள்ள வேண்டாம்.

யார் யார் ஏற்றவர் அல்லர்?

இனி நம் கேள்விக்கு வருவோம். ஒவ்வொருவரையும், ஏன் ஆகாது என்ற காரணத்தோடு காண்போம்.

1. வளரும் பருவத்தினர். பதினெட்டு வயது நிறையாதவர்களுக்கு இதைச் செய்வது முறையன்று. கண்ணும் வளர்ந்துகொண்டிருக்கிறது, ஆசையும் மாறிக்கொண்டிருக்கிறது. பதினாறு வயதில் விரும்பிய நிறத்தை அறுபது வயது வரை சுமக்க வேண்டும்.

2. கண் அழுத்த நோய் உள்ளவர்கள். குளுக்கோமா எனப்படும் இந்நோய் வலியில்லாமல் வந்து பார்வை நரம்பைத் தின்றுவிடும். இழந்த பார்வை திரும்பாது. பெற்றோருக்கோ உடன்பிறந்தோருக்கோ இந்நோய் இருந்தால் நமக்கும் வரும் வாய்ப்பு அதிகம். ஏற்கெனவே வடிகால் சரியில்லாத கண்ணில் வட்டையோ நிறமித் துகளையோ சேர்ப்பது, எரிகிற வீட்டில் எண்ணெய் ஊற்றுவதாகும்.

3. கண்ணுக்குள் அழற்சி வந்தவர்கள். மூட்டுவாதம் போன்ற நோய்களோடு ஐரிஸில் அழற்சி வருவதுண்டு. ஒருமுறை வந்து அடங்கியிருந்தாலும், அறுவையின் தூண்டுதலால் மீண்டும் கிளம்பலாம்.

4. கார்னியா மெலிந்தவர்கள். சிலருக்கு இளமையிலேயே கார்னியா மெலிந்து கூம்புபோல் முன்தள்ளும். ஒவ்வாமையால் கண்ணை ஓயாமல் கசக்குபவர்களிடம் இது அதிகம். அரை மில்லிமீட்டரே உள்ள சுவரில், அதுவும் மெலிந்த சுவரில், சுரங்கம் தோண்டினால் சுவர் என்னாகும்?

5. கார்னியாவின் உள்ளடுக்குச் செல்கள் குறைந்தவர்கள். கார்னியாவின் உட்புறத்தில் ஒற்றை வரிசையாகச் செல்கள் உண்டு. உள்ளே ஊறும் நீரை இறைத்து இறைத்துக் கார்னியாவைத் தெளிவாக வைப்பவை அவையே. இளமையில் ஒரு சதுர மில்லிமீட்டருக்கு ஏறத்தாழ 2,500 முதல் 3,000 வரை இருக்கும். வயதோடு குறையும், குறைந்தது மீண்டும் பெருகாது. இறைப்பவர் குறைந்தால் கார்னியா நீர் கோத்து மங்கிவிடும். பிறகு கண்தானத்தில் கிடைக்கும் கார்னியாவே கதி. கண்ணின் முன்னறை ஆழம் குறைந்தவர்களுக்கும் வட்டு பொருத்துவதில் இதே ஆபத்து, இன்னும் விரைவாக.

6. கண்ணில் ஈரம் குறைந்தவர்கள், தொற்று உள்ளவர்கள். 'மெட்ராஸ் ஐ' வந்து சிவந்திருக்கும் கண்ணில் எந்த அறுவையும் ஆகாது என்பது எல்லோரும் அறிந்தது. ஆனால் கண்ணீர்ப் பசை குறைந்து எரியும் கண்ணும் ஏற்றதன்று. புண் ஆற ஈரம் வேண்டும்.

7. நீரிழிவு கட்டுப்படாதவர்கள், விழித்திரை நோய் உள்ளவர்கள். இவர்களின் விழித்திரையை மருத்துவர் அடிக்கடி ஓரம்வரை பார்க்க வேண்டும். கார்னியாவில் வண்ணத்திரை போட்டுவிட்டால், ஓரத்தைப் பார்க்கும் சன்னலுக்கு நாமே பலகை அடித்ததாகும். பிற்காலத்தில் கண்புரை அறுவை செய்பவருக்கும் அதே தொல்லை.

8. கருவுற்றிருப்பவர்களும் பாலூட்டும் தாய்மாரும். இக்காலத்தில் கார்னியாவின் நீர்ப்பிடிப்பே மாறும். அறுவைக்குப் பின் தர வேண்டிய மருந்துகளையும் தாராளமாகத் தர இயலாது.

9. ஒரு கண் மட்டுமே நன்றாகத் தெரிபவர்கள். இருக்கும் ஒரு விளக்கை வைத்து விளையாடலாகாது. இதற்கு மேல் விளக்கம் தேவையில்லை.

10. கண்ணின் நுட்பமே பிழைப்பாக உள்ளவர்கள். நம் ஊரில் இதைச் சற்று விரித்துச் சொல்ல வேண்டும். எங்கள் தெருவில் கண் மருத்துவரிடம் போனவர்கள் எல்லோரும் 'இழை தெரியவில்லை' என்றுதான் போயிருக்கிறார்கள். உடலும் கரையும் வேறு வேறு நிறத்தில் கோத்து நெய்யும் கோர்வைச் சேலையில், அறுந்த பட்டிழை ஒன்றைக் கண்டுபிடித்து முடிச்சிட வேண்டும். அரக்கில் பத்து வகை பார்த்துச் சொல்ல வேண்டும். சாயம் போடுபவர் வெயிலில் பிடித்துப் பார்த்தே நிறம் சேர்கிறதா என்று சொல்லிவிடுவார். இந்த அறுவைகளுக்குப் பின் கண்கூச்சமும், விளக்கைச் சுற்றி ஒளிவட்டமும், மங்கலும் வரக்கூடும் என்கின்றனர். மற்றவருக்கு அது தொல்லை. நெசவாளிக்கு அது கூலி. இரவில் வண்டி ஓட்டுபவருக்கு அது உயிர்.

11. தொடர்ந்து மருத்துவரைப் பார்க்க இயலாதவர்கள். வெளிநாடு போய்ச் செய்துகொண்டு வந்தபின், இங்கே கண் சிவந்தால் யாரிடம் போவது? செய்தவர் கடல் கடந்து இருப்பார். இங்குள்ள மருத்துவருக்கு உள்ளே என்ன பொருள் வைக்கப்பட்டுள்ளது என்பதே தெரியாது. சில வண்ணங்களில் உலோகக் கலப்பு இருந்தால், பின்னாளில் காந்த அதிர்வுப் படம் எடுக்கும்போது கண்ணில் வலி தோன்றக்கூடும். கடன் வாங்கிச் செய்துகொள்பவரும் இவ்வகையிலேயே சேர்வார். அறுவைக்குக் கடன் கிடைத்தவருக்கு, அதன் சிக்கலைச் சரிசெய்யவும் கடன் கிடைக்கும் என்று சொல்ல முடியாது.

12. பிறர் சொல்லுக்காகச் செய்துகொள்பவர்கள். கணவர் விரும்புகிறார், தோழியர் கேலி செய்கிறார்கள், படத்தில் நன்றாக விழவில்லை என்று வருபவர்கள் இவர்கள். தம் உடலில் இல்லாத குறையை இருப்பதாக எண்ணி இரவு பகலாய் வருந்துவது ஒரு மனநோய் என்றே மருத்துவம் சொல்கிறது. அத்தகையோர் கண்ணை மாற்றினால் மூக்கு உறுத்தும். மூக்கை மாற்றினால் தோல் உறுத்தும். அவர்களுக்கு வேண்டியது கத்தியன்று. காது கொடுத்துக் கேட்கும் ஒரு மனிதர்.

எஞ்சுபவர் யார்?

இத்தனை பேரையும் கழித்துவிட்டால் எஞ்சுபவர் யார்? வயது நிறைந்தவர், நோயற்றவர், கார்னியா உறுதியானவர், இரு கண்ணும் தெளிவாகத் தெரிபவர். 'அப்படியானால் அவருக்குச் செய்யலாம் அல்லவா?' என்று தோன்றும். விளம்பரங்கள் நம்மைக் கொண்டுவந்து நிறுத்தும் இடமும் இதுவே. 'நீங்கள் தகுதியுடையவர்' என்று பரிசு கொடுப்பதுபோல் சொல்வார்கள்.

இந்த இடத்தில்தான் நாம் நின்று எண்ண வேண்டும். நோயுள்ள கண்ணுக்கு அறுவை செய்யும்போது, தராசின் ஒரு தட்டில் ஆபத்து, மறுதட்டில் பார்வை. கண்புரை அறுவையிலும் ஆபத்து உண்டு. ஆனால் மறுதட்டில் இருப்பது இருள் நீங்குதல். நோயற்ற கண்ணுக்கு நிறம் மாற்றும்போது, ஒரு தட்டில் அதே ஆபத்து. மறுதட்டில் கண்ணின் வேலைக்குக் கிடைக்கும் இலாபம் ஒன்றும் இல்லை. தெளிவாகத் தெரிந்த கண் இன்னும் தெளிவாகத் தெரியப் போவதில்லை. இழப்பதற்கு முழுப் பார்வை. பெறுவதற்கு ஒரு நிறம். எனவே, நோயற்ற நல்ல கண்ணே இந்த அறுவைக்கு எல்லாரினும் பொருந்தாத கண் என்பது என் முடிவு. பட்டியலின் பதின்மூன்றாம் எண்ணாக அதையே எழுத வேண்டும்.

யாருக்கு இது வரம்?

அப்படியானால் இந்தக் கலையே வேண்டாத கலையா? இல்லை. அது பிறந்தது வேறு ஒரு துன்பத்தைத் துடைக்க.

'கண்ணில் பூ விழுந்துவிட்டது' என்று நம் ஊரில் சொல்வார்கள். அம்மையாலோ, வைட்டமின் 'ஏ' குறைவாலோ, நெல்லுமி பட்ட புண்ணாலோ கார்னியா வெண்மையாகத் தழும்பேறிப் போவதே அது. பார்வையும் போய், பார்ப்பவர் முகம் சுளிப்பதையும் தாங்க வேண்டும். இத்தகையோரின் வெண்தழும்பைக் கருமையாக்க முயன்றவர்கள் பழங்காலத்திலேயே இருந்தார்கள். இரண்டாம் நூற்றாண்டின் கிரேக்க மருத்துவர் கேலன் இதற்கு ஒரு முறை சொல்லியிருக்கிறார். 1869 அளவில் பாரிஸில் இருந்த மருத்துவர் டி வெக்கர், மையும் ஊசியும் கொண்டு இதைப் புதுப்பித்தார். பார்வை திரும்பாத, தழும்பேறிய கண்ணை மற்றக் கண்ணைப் போல் தோற்றச் செய்யும் இம்முறை, கண் மருத்துவத்தில் இன்றும் ஏற்கப்பட்ட ஒன்று. அந்தக் கண்ணில் இழப்பதற்குப் பார்வை இல்லை; பெறுவதற்கோ, பிறர் முகத்தை நிமிர்ந்து பார்க்கும் துணிவு இருக்கிறது. தராசு இங்கே நேர்மையாகச் சாய்கிறது.

அதேபோல் பிறவியிலேயே ஐரிஸ் இல்லாதவர்களும், விபத்தில் ஐரிஸ் கிழிந்தவர்களும் உண்டு. திரையில்லாத சன்னல்போல் அவர்கள் கண்ணில் ஒளி கொட்டும். அவர்களுக்கென ஜெர்மனியில் உருவான செயற்கை ஐரிஸுக்கு அமெரிக்க அரசின் உணவு, மருந்து நிர்வாகம் 2018-இல் அனுமதி அளித்தது. அந்நாட்டில் அனுமதி பெற்ற முதல் செயற்கை ஐரிஸ் அதுவே. அந்த அனுமதியிலும் ஒரு விலக்குப் பட்டியல் இருக்கிறது: கட்டுக்கடங்காத கண் அழற்சி உள்ளவர், மருத்துவம் செய்யப்படாத குளுக்கோமா உள்ளவர், விழித்திரை விலகியிருப்பவர், கண்ணுக்குள் தொற்றுள்ளவர், கருவுற்றவர் முதலியோருக்கு ஆகாது என்று. தேவையுள்ளவருக்கே இத்தனை விலக்கு என்றால், தேவையில்லாதவருக்கு எத்தனை இருக்க வேண்டும்!

ஓரிக்கை சொல்லும் கதை

இவ்விடத்தில் நம் ஓரிக்கையின் பெயர்க் கதை நினைவுக்கு வருகிறது. திருவெஃகாவில் திருமழிசையாழ்வார் தங்கியிருந்த காலத்தில், அவருக்குத் தொண்டு செய்த மூதாட்டி ஒருத்தி அவரருளால் இளமை பெற்றாள். பல்லவ மன்னன் அவளை மணந்தான். தனக்கு மட்டும் நரை கூடக் கண்ட மன்னன், ஆழ்வாரின் சீடரான கணிகண்ணனை அழைத்து, தன்னையும் இளமையாக்க ஆழ்வாரை அழைத்துவரச் சொன்னான். சீடர் மறுத்தார். தன்னைப் புகழ்ந்து பாடவாவது செய் என்றான், அதற்கும் மறுத்தார். நாடு கடத்தப்பட்டார். சீடரோடு ஆழ்வாரும், ஆழ்வாரோடு பெருமாளும் தம் பாம்புப் பாயைச் சுருட்டிக்கொண்டு புறப்பட, மூவரும் ஓர் இரவு தங்கிய இடமே 'ஓரிரவு இருக்கை'. அதுவே ஓரிக்கை ஆயிற்று என்பர். மன்னன் பிழை உணர்ந்து வேண்ட, மூவரும் திரும்பினர். ஆழ்வார் சொன்னபடி எழுந்து சென்று, சொன்னபடி திரும்பி வந்ததால் அப்பெருமாளுக்குச் 'சொன்னவண்ணம் செய்த பெருமாள்' என்று பெயர்.

கேட்பவன் மன்னனே ஆனாலும், கையில் ஆற்றலே இருந்தாலும், செய்யத்தகாததற்கு 'இல்லை' என்று சொன்ன ஒருவரால் நம் ஊருக்குப் பெயர் வந்தது. அடியவர் சொன்னவண்ணம் செய்வது பெருமாளுக்கு அழகு. பணம் கொடுப்பவர் சொன்ன வண்ணத்தைக் கண்ணில் ஏற்றுவது மருத்துவருக்கு அழகன்று. நல்ல மருத்துவரின் அடையாளம், யாருக்கு மறுக்க வேண்டும் என்று அவர் அறிந்திருப்பதே.

ஆசை உள்ளவர்கள் என்ன செய்யலாம்?

நாடகத்துக்கோ திருமணத்துக்கோ ஒருநாள் வேறு நிறம் வேண்டும் என்ற ஆசை குற்றமன்று. அதற்கு வண்ணக் கான்டாக்ட் லென்ஸ் உண்டு, மாலையில் கழற்றிவிடலாம். ஆனால் அதுவும் பொட்டு, வளையல்போல் கடையில் எடுத்து அணியும் பொருளன்று. கண் மருத்துவர் அளவெடுத்துத் தர வேண்டும். தோழியரோடு மாற்றி அணியக் கூடாது. அணிந்தபடி உறங்கக் கூடாது. குழாய்த் தண்ணீரில் கழுவக் கூடாது. மதுரை மாவட்டத்தில் 1993-ஆம் ஆண்டு நிலவரத்தைக் கொண்டு கணக்கிட்டபோது, ஆண்டுக்கு லட்சம் பேரில் 113 பேருக்குக் கார்னியாவில் புண் வருவதாகத் தெரிந்தது. தூசியும் காளானும் மிகுந்த நம் மண்ணில் கார்னியாவில் சிறு கீறல் விழுந்தாலும் அது பெரும்புண் ஆகலாம் என்பதற்கு இதுவே சான்று.

முடிவுரை

சென்னை எழும்பூர் அரசு கண் மருத்துவமனை 1819-இல் தொடங்கியது. உலகிலேயே பழமையான கண் மருத்துவமனைகளுள் ஒன்று. இந்தியாவின் முதல் கண் வங்கி 1945-இல் அங்கேதான் தோன்றியது. 1948-இல் மருத்துவர் முத்தையா இந்நாட்டின் முதல் கார்னியா மாற்று அறுவையை அங்கே செய்து வெற்றி கண்டார். 1976-இல் மருத்துவர் கோ. வெங்கடசாமி மதுரையில் 11 படுக்கைகளோடு அரவிந்த் கண் மருத்துவமனையைத் தொடங்கினார். 1978-இல் மருத்துவர் பத்ரிநாத் சென்னையில் சங்கர நேத்ராலயாவை நிறுவினார். இவர்கள் எல்லோரும் பாடுபட்டது இருண்ட கண்ணில் ஒளி ஏற்ற.

நம் கண்ணில் இருக்கும் கார்னியாவுக்கு வண்ணம் தேவையில்லை. அது தெளிவாக இருப்பதே அதன் பெருமை. அந்தத் தெளிவோடு அதைக் காத்து வைத்திருந்தால், நம் காலத்துக்குப் பின் ஆறு மணி நேரத்துக்குள் எடுத்து இருவருக்குப் பார்வை தரலாம். பழுப்புக் கண்ணரின் கார்னியா நீலக் கண்ணருக்கும் பொருந்தும். ஏனெனில் கார்னியாவுக்கு நிறமே கிடையாது. கண் கெட்ட பின் சூரிய நமஸ்காரம் செய்து பயனில்லை. நண்பர்களே, நிறம் கேட்டு நல்ல கண்ணை மேசையில் கிடத்துமுன், அந்தக் கண் பார்த்துத்தான் நாம் இதுவரை படித்து வந்தோம் என்பதை எண்ணுங்கள். நம்மைப் படிக்க வைக்க எத்தனை பேர் கண் மங்க உழைத்தார்கள் என்பதையும் எண்ணுங்கள்.